பிலோமினா வாங்கிய எல்.சி.

கரண்ட் வந்துவிட்டது என்று தெருவே சொன்னது. பக்கத்து வீட்டில் காலையில் நின்றுபோன மிக்சி விட்ட இடத்திலிருந்து அலறியது, எதிர்வீட்டு மோட்டார் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது, மாடியில் யாரோ "வந்துருச்சு, வந்துருச்சு" என்று எலெக்‌ஷனில் ஜெயித்தவர்கள் மாதிரிக் கத்தினார்கள், பிலோமினாவின் வீட்டு ஃப்ரிட்ஜ்கூட ஒரு உதறு உதறிக்கொண்டு எழுந்தது. மணி நாலு இருபது. மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பதிலிருந்து ஐந்து என்று பேப்பரில் போட்டிருந்தான், நாற்பது நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட்டார்கள், நல்ல பிள்ளைகள், நனைந்துகொண்டே முடித்திருப்பார்கள், இவர்களைத்தான் காலையிலிருந்து தெருவே திட்டித் தீர்த்தது என்று நினைத்துக்கொண்டே அவள் ஹாலுக்கு வந்து சுவரில் இருந்த கறுப்புக் கண்ணாடியைத் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. நீலப் பொட்டு ஒன்று மினுக் மினுக் என்று கண்ணடித்தது. மறுபடி தொட்டாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தொட்டாள், ஈரமாயிருக்குமோ என்று. விரலை மாற்றித் தொட்டாள். அறுபத்திரண்டு வயதில் சுவரைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, தடவினால் எரியும் என்று அலாவுதீன் கதையில் விளக்கைத்தான் சொன்னார்கள், சுவரைச் சொல்லவில்லை. சமையலறைக்குப் போனாள், அங்கேயும் நீலப் பொட்டு. படுக்கையறை, குளியலறை வாசல், பின்கட்டு, ஐந்து இடத்திலும் ஐந்து பொட்டு, ஒன்று மினுக்கும்போது ஒன்று அணைந்து, ஏதோ தங்களுக்குள் ஜாடை பேசிக்கொள்கிற மாதிரி. ஃபேனும் அதே கண்ணாடிக்குள்தான், ஓடவில்லை. அலமாரி மேல் இருந்த உருண்டைப் பெட்டியிடம் மகன் அமலன் சொல்லிக்கொடுத்தபடி "ஹால் லைட் ஆன்" என்றாள், அது 'சாரி' என்று ஆரம்பித்து இங்கிலீஷில் நீளமாக மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு! இருபத்தேழு வருஷம் ஃபோனில் ஊருக்கே மன்னிப்புக் கேட்டவளிடமா? கம்பத்திலிருந்து மீட்டர் வரைக்கும் கரண்ட் வந்து நிற்கிறது, சுவருக்குள் ஓடி இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்கிறது, இது விட மாட்டேன் என்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்காத கதைதான். கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவள் வீட்டிலேயே.

அமலனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் எடுப்பான், எடுக்காமல் இருந்ததில்லை, ஆனால் டொராண்டோவில் இப்போது விடியவில்லை, ஆறுகூட ஆகியிருக்காது. ஏழு மணிக்கு எழுவான். எழுந்து பல் விளக்குவதற்கு முன்னால் போனை எடுத்து அம்மா வீட்டைப் பார்ப்பான், அதுதான் அவனுக்குக் காலை ஜெபம். இங்கே ஐந்தரை. பார்த்தால் ஐந்து விளக்கும் செத்துக் கிடக்கும். உடனே நெஞ்சு அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு, அது அவளுக்கும் தெரியும், அதைச் சும்மா என்று சொல்ல முடியாது. ஆனைக்கும் அடி சறுக்கும், பங்குனியில் அவளுக்குக் குளியலறையில் சறுக்கியது, பால்காரம்மா வந்து கதவைத் தட்டுகிற வரைக்கும் இரண்டு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்தாள், இடுப்பு உடையவில்லை, கர்வம்தான் உடைந்தது. அவன் பதினைந்து நாள் லீவில் பறந்து வந்தான். வந்தவன் அழுதான், ஊன்றுகோல் வாங்கினான், குளியலறையில் கம்பி பதித்தான், அதெல்லாம் சரி, கடைசி மூன்று நாளில் ஒரு ஆளைக் கூட்டிவந்து வீட்டு ஸ்விட்சையெல்லாம் பிடுங்கிவிட்டு இந்தக் கண்ணாடிகளை மாட்டினான். "இது இருக்கிற வரைக்கும் நீ இங்க தனியா இரும்மா. நீ லைட்டப் போட்டா அங்க எனக்குத் தெரியும், அது போதும் எனக்கு. இல்லன்னா கோயம்புத்தூர்ல ஒரு எடம் பாத்து வச்சிருக்கேன், டாக்டர் இருக்காங்க, சாப்பாடு இருக்கு, உன் வயசுக்காரங்க இருக்காங்க." உன் வயசுக்காரங்க. அவள் வயதுக்காரர்களைப் பார்க்க அவள் எதற்குக் கோயம்புத்தூர் போக வேண்டும், திண்டுக்கல்லில் இல்லாத வயசா? ஆனாலும் தலையாட்டினாள். அன்றைக்கு ஆட்டிய தலை. காலை ஐந்து பத்துக்குச் சமையலறை விளக்கு எரிய வேண்டும், ஆறு வரை எரியாவிட்டால் போன் வரும். ஒருநாள் மழைச் சத்தம் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருந்தாள், யாருக்கும் கடன்படாத ஒரு சோம்பல், ஆறே காலுக்குப் பக்கத்து வீட்டம்மா வந்து கதவை இடிக்கிறாள், "உசிரோடதான் இருக்கீங்களா அக்கா? ஒங்க பையன் போன் பண்ணுச்சு." அதற்குப் பிறகு மழை நாளிலும் ஐந்து பத்துக்கு எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு வந்து மறுபடி படுத்துக்கொள்ளப் பழகினாள். ஸ்கூல் பிள்ளை அட்டெண்டன்ஸ் கொடுக்கிற மாதிரி. உள்ளேன் ஐயா.

அதுகூடப் பொறுக்கலாம். அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் பொறுக்க முடியவில்லை, நினைக்க வேண்டாம் என்று வேறெங்கே போனாலும் நினைப்பு சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்கிறது, கொடியில் துணி மாட்டிக்கொள்கிற மாதிரி. செவ்வாய் சாயங்காலம் நவநாள் ஜெபம், வழக்கமாகக் கோயிலுக்குப் போவாள், அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் போகவில்லை. ஏழு மணிக்கு ஹாலில் உட்கார்ந்து கல்லறைத் திருநாளுக்கு வைத்த மெழுகுவர்த்தியில் மிச்சத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். டப்பென்று விளக்கு அணைந்தது. தெருவில் வெளிச்சம் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, விளக்கு மட்டும் இல்லை. "சேசு மரி" என்று வாய் கத்தியது. மூன்றாவது பேரைச் சொல்லவில்லை. பயந்தால் எல்லாரும் சேசு மரி சூசை என்பார்கள், அவளால் இருபத்தொன்பது வருஷமாக மூன்றாவதைக் கத்த முடிந்ததில்லை, அது அவள் புருஷன் பேர், சூசைமாணிக்கம், கத்தினால் வருவார் என்கிற நாட்கள் போய்விட்டன. உடனே போன் அடித்தது. "லைட்ட மறந்துட்டுக் கோயிலுக்குப் போயிட்டேன்னு நெனச்சேன்மா, அதான் நானே அணைச்சேன்." நினைத்தானாம். நல்ல எண்ணத்தில்தான் நினைத்தான். ஆனால் எங்கேயோ ஒரு தேசத்தில் காப்பி குடித்துக்கொண்டே ஒருத்தன், நான் இந்த இடத்தில் இல்லை என்று முடிவு செய்து, நான் இருக்கிற இடத்தின் கரண்டைத் தொடுகிறான். அவள் முதுகுத்தண்டில் அந்த நேரம் ஓடியதை எப்படி அவனிடம் சொல்வது? "சரிடா" என்றாள். அந்தச் 'சரிடா'தான் இன்றுவரைக்கும் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. அன்றைக்கு மட்டுமா, அவன் பிறந்ததிலிருந்து எத்தனை சரிடா.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழைக்காலத்துச் சாயங்காலம், சொல்லிக்கொள்ளாமல் இருட்டிவிடும். கொசு இப்போதே சேதி கேட்டு வந்துவிட்டது. மாட்டிவிட்டுப் போன ஆளின் நம்பர் காலண்டரில் எழுதியிருக்கிறது, அவனைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன் என்பான், அந்த நாளைக்கு எந்தக் கிழமையில் வரும் என்று அவளுக்குத் தெரியாதா, அவளே எத்தனை பேருக்கு அந்த நாளைக்கைச் சொல்லியிருக்கிறாள். கரண்ட் ஆபீஸில் அவளுக்குப் புகார் ஃபோன். புருஷன் போனதற்கு வாரிசு வேலை. "ஏம்மா, கரண்ட் எப்ப வரும்?" "ஆள் போயிருக்காங்க சார்." "நீ எப்பக் கேட்டாலும் ஆள் போயிருக்குன்னுதான் சொல்ற, செத்தா போயிட்டானுங்க?" என்று ஒருத்தன் கேட்டான், அவள், "சில பேரு அப்படியும் போயிருக்காங்க சார்" என்றாள். வைத்துவிட்டான். யார் எவ்வளவு வைதாலும் கம்பத்தில் இருக்கிறவனை அவள் ஒருநாளும் சீக்கிரம் என்று சொன்னதில்லை. அங்கே வேறொன்றும் அவள் வைத்த சட்டமாக இருந்தது. கம்பத்தில் ஏறுகிறவன் முதலில் சப்ஸ்டேஷனில் எல்.சி. வாங்க வேண்டும், லைன் கிளியர், லைனை நிறுத்திவிட்டோம் நீ ஏறலாம் என்று ஒரு நம்பர் கொடுப்பார்கள், இவன் திருப்பிச் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் எவன் வாங்கினானோ அவனே அந்த நம்பரைத் திருப்பித் தர வேண்டும், ஆளும் சாமானும் இறங்கியாச்சு என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். அப்புறம்தான் லைனைப் போடுவார்கள். அவள் மேஜை வழியாக யாராவது, அண்ணன் முடிச்சிட்டாரு, எல்.சி.ய ரிட்டர்ன் போட்டுக்கங்க என்று சொன்னால் விடமாட்டாள். "வாங்குனவரக் கூப்பிடு. அவரு வாயால சொல்லட்டும்." மழையா, இருக்கட்டும், ஊரே இருட்டில் கிடக்கிறதா, கிடக்கட்டும். அக்கா சட்டம் என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அக்கா சட்டத்தில் ஒருத்தன் பொண்டாட்டியும் வாரிசு வேலைக்கு வரவில்லை.

சூசைக்கு அந்தச் சட்டம் கிடைக்கவில்லை. அன்றைக்கும் இதே மாதிரி மழை விட்ட நேரம். அவர் பேரில் எல்.சி. வாங்கி ஏறினார், வேலையை முடித்தார், இறங்கினார், கேனிலிருந்து தண்ணீர் குடித்தார். கூட வேலை செய்த மரியதாஸ் அவர் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தான். தங்கமான பையன், அவரை அண்ணன் அண்ணன் என்று சுற்றி வருவான். அண்ணனுக்கு எதற்கு அலைச்சல் என்று அவனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் மில்லு வாட்ச்மேன் ரூம் ஃபோனில் எல்.சி.யைத் திருப்பித் தந்துவிட்டான். ஆள் இறங்கியாச்சா என்று கேட்டார்கள், இறங்கியாச்சு என்றான். பொய் இல்லை. அவன் பார்க்கும்போது இறங்கித்தான் இருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் மேலே ஒரு கட்டுக்கம்பி நழுவியிருப்பது பட்டது, அரைகுறை வேலை அவருக்கு ஆகாது, மறுபடி ஏறினார். அவ்வளவுதான். அடக்கத்தின் போது மரியதாஸ் அவள் காலில் விழுந்து, "அண்ணனுக்காகத்தான் அக்கா செஞ்சேன், அவரு அலைய வேணாம்னுதான்" என்று கதறினான், அவள் அவனை மன்னித்துவிட்டாள், அன்றைக்கே மன்னித்துவிட்டாள், ஆனால் அந்த வார்த்தையை மன்னிக்கவில்லை. உனக்காகத்தான். எட்டு வயது அமலன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். அதோடு அவள் கரண்ட் ஒயரைத் தொடுவதை விட்டாள். பல்பு மாற்றக்கூட அடுத்த வீட்டில்தான் கேட்பாள். ஊர் கரண்டுக்கெல்லாம் பதில் சொன்னவள் வீட்டில் ஒரு ஹோல்டரைத் தொடமாட்டாள், இது யாருக்கும் தெரியாது, தெரிந்தால் சிரிப்பார்கள். யோசித்துப் பார்த்தால் இந்தக் கண்ணாடியை மாட்ட அமலன் சொன்னபோது பிலோமினா பேசாமல் இருந்ததற்கு அந்தப் பயமும்தான் காரணம். தொட வேண்டாமே, தடவினால் போதுமே என்று. தும்பை விட்டுவிட்டு இப்போது வாலைத் தேடுகிறாள்.

இல்லை. தேடப்போவதில்லை. அவள் எழுந்தாள். எழுந்ததே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கட்டிலுக்கடியில் பிஸ்கட் டின் இருந்தது, அதில் பழைய ஸ்விட்சுகள், அமலன் குப்பையில் போடு என்று சொன்னவை, சரிடா என்று சொல்லிவிட்டுப் போடாமல் வைத்தவை. அந்த ஒரு சரிடா பொய், நல்ல பொய். சூசை கையால் மாட்டிய வெள்ளை ஸ்விட்சுகள், சுற்றிலும் முப்பது வருஷத்து விரல் அழுக்கு. ஒன்றை அமுக்கிப் பார்த்தாள். டக். ஆகா, என்ன திமிரான சத்தம். போட்டேன் என்றால் போட்டேன், அணைத்தேன் என்றால் அணைத்தேன், பக்கத்து அறையில் இருக்கிறவனுக்கும் கேட்கும், டொராண்டோவுக்குக் கேட்காது. கூடவே ஹால் போர்டின் தட்டு, அவருடைய மஞ்சள் கைப்பிடி டெஸ்டர், ஒரு சுருள் டேப். எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். சாமான் வரிசையாக இருந்தால்தான் கை நிதானமாக வேலை செய்யும் என்று அவர் சொல்வார். தினக்காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்தாள், பின்பக்கம் கோடு போட்டாள், நம்பர், வாங்கியவர், கொடுத்தவர், வாங்கிய நேரம், திருப்பிய நேரம். வாங்கியவர் என்ற இடத்தில் 'ச. பிலோமினா' என்று எழுதினாள். கொடுத்தவர்? அங்கே பேனா நின்றது. எல்.சி.யைத் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ள முடியாது. லைனைப் போடக்கூடிய கை எதுவோ அந்தக் கைதான் கொடுக்க வேண்டும். இந்த வீட்டு லைனைப் போடக்கூடிய கை கடல் தாண்டி இருக்கிறது. மணி ஐந்து முப்பத்தொன்று. போன் அடித்தது.

"அம்மா! என்னாச்சும்மா? எல்லாம் ஆஃப்லைன் காட்டுது. நீ நல்லாருக்கியா?"

"நல்லாருக்கேன். பகல்ல கரண்ட் இல்ல, வந்தப்புறம் ஒன் கண்ணாடி ஒண்ணும் வேலை செய்யல."

"பயந்தே போயிட்டேன். சரி, ஒண்ணும் இல்ல. ஹால் பேனல அஞ்சு செகண்டு அமுக்கிப் பிடி, பொட்டு வேகமா மினுக்கும், நான் இங்கருந்து..."

"அமலா, எனக்கு ஒரு எல்.சி. வேணும்."

அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாயோ கெட்டிலோ ஏதோ இரைந்தது, பிறகு நின்றது.

"என்னம்மா சொல்ற?"

"காது கேக்குதுல்ல. ஹால் போர்டக் கழட்டிப் பழைய ஸ்விட்ச மாட்டப் போறேன். வேலை முடியிற வரைக்கும் நீ அந்தப் பக்கத்துலருந்து எதையும் தொடக்கூடாது. எல்.சி. குடு."

"அம்மா, வெளையாடாத. நீ ஒயரத் தொடவே மாட்டியே. மெயின ஆஃப் பண்ணாப் போதும், அதுக்கு எதுக்கு என்கிட்ட... வேணாம்மா, நீ ஒண்ணையும் தொடாத, நான் அந்த ஆள அனுப்புறேன்."

"மெயின் ஆஃப் பண்ணத் தெரியாமயா கேக்குறேன்? ஒங்கப்பாவுக்கும் மெயின் ஆஃப்லதான் இருந்துச்சு." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவன் எதிர்த்துப் பேசியிருப்பான். "நம்பர் சொல்லு."

அவன் எட்டு வயதில் அப்பாவோடு எல்.சி. விளையாட்டு விளையாடுவான், கட்டில்மேல் ஏறிக்கொண்டு, நம்பர் குடுங்க ஆபரேட்டர் சார் என்று கத்துவான். இவனுக்கு மறந்திருக்காது.

"ஒண்ணு" என்றான்.

"எல்.சி. நம்பர் ஒண்ணு, ஹால் போர்டு, வாங்கினது பிலோமினா, நேரம் அஞ்சு முப்பத்தஞ்சு. சரியா?"

"சரிம்மா."

இந்தத் தடவை சரி சொன்னது அவன். அவள் போனை வைத்துவிட்டுக் 'கொடுத்தவர்: சூ. அமலன்' என்று எழுதினாள்.

வாசல் பக்கம் மீட்டருக்குக் கீழே மெயின். கட்டையைக் கீழே இறக்கினாள், ஃப்ரிட்ஜ் ஒரு விக்கல் விக்கிவிட்டு அடங்கியது. அது போதாது, ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும், அப்போதுதான் வழியில் போகிறவன் நல்லது செய்கிறேன் என்று தூக்கிவிட முடியாது, சூசை துவைக்கப் போடும் சட்டையில் எப்போதும் பீங்கான் தூள் இருக்கும். பிடுங்கினாள். எங்கே போடுவது, சேலையில் பை இல்லை. சேலை கட்டுகிறவளை ஒருத்தனும் கம்பத்தில் ஏற்ற நினைக்கவில்லை, அதுதான் பை வைக்கவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள், பீங்கான் சில்லென்று வயிற்றில் பட்டது. சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டாள், பல் இன்னும் சொந்தப் பல்தான், கோயம்புத்தூர்க்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். கண்ணாடியின் கீழ்ப்பக்கப் பள்ளத்தில் டெஸ்டரைக் கொடுத்து நெம்பினாள், சொல் பேச்சுக் கேட்கிற மாதிரி கழன்று வந்தது, நீலப் பொட்டு அணைந்த வெறும் கறுப்பு. இரண்டு ஸ்க்ரூ. அதற்குப் பின்னால் ஒயர். இங்கேதான் கை நின்றுவிட்டது. சிவப்பு, கறுப்பு, இரண்டு மஞ்சள். செத்த ஒயர், கரண்ட் இல்லாத ஒயர், ஃப்யூஸ் உன் வயிற்றில் இருக்கிறது, தொடு. தொட முடியவில்லை. அவரும் அப்படித்தானே நினைத்திருப்பார், செத்த ஒயர் என்று. மேலே ஏறும்போது அவர் மனதில் என்ன இருந்திருக்கும், வீட்டுக்குப் போகையில் மீன் வாங்க வேண்டும் என்றா, பிள்ளைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க வேண்டும் என்றா, பயம் இருந்திருக்காது, பயப்பட வேண்டிய எதையும் அவர் தப்பாகச் செய்யவில்லை. தப்புச் செய்யாதவனும் சாகிற வேலை. வாயோரம் டார்ச்சை நனைத்துக்கொண்டு எச்சில் வழிந்தது. டெஸ்டரைச் சிவப்பில் வைத்தாள், எரியவில்லை. மஞ்சளில் வைத்தாள், இல்லை. கறுப்பில் வைத்தாள், இல்லை. மறுபடி சிவப்பில். மூன்று தடவை பார்த்தவளுக்கு நாலாம் தடவையும் பார்க்கத்தான் தோன்றியது, இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அடி பிலோமினா, நீ ஒயருக்குப் பயப்படவில்லை, ஒயர் உன்னை ஒன்றும் செய்யாது, உனக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு எங்கேயோ நிற்கிற ஒருத்தனுக்குத்தான் பயப்படுகிறாய். அவனிடம்தான் நம்பர் வாங்கியாகிவிட்டதே. தொட்டாள். ஒன்றுமில்லை, பிளாஸ்டிக், கொஞ்சம் தூசி.

சிவப்புதான் வருகிற லைன். கறுப்பு இந்தக் கண்ணாடிக்கு வேண்டும், பழைய ஸ்விட்சுக்கு வேண்டாம், டேப் சுற்றி ஒதுக்கிவிட வேண்டும். மஞ்சள் இரண்டில் எது விளக்கு, எது ஃபேன்? டார்ச்சை உள்ளே காட்டினாள். ஒரு மஞ்சளில் பெட்டிக்குள் ஒரு முடிச்சு இருந்தது. இன்னொன்றில் இரண்டு முடிச்சு. விளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு இரண்டு. இந்த வீட்டுக்கு ஒயர் இழுத்த அன்றைக்கு ஏணிமேல் உட்கார்ந்து அவர் போட்ட முடிச்சு, "நாளைக்கு நான் இல்லாத நேரம் ஒனக்கு வேணும்ல" என்றார், டியூட்டிக்குப் போயிருக்கிற நேரத்தைச் சொன்னார், வேறெதையும் இல்லை. கண்ணாடி மாட்டிய ஆளுக்கு அது முடிச்சென்று தெரியவில்லை, தெரிந்திருந்தாலும் அவிழ்த்திருக்க மாட்டான், அவசரக்காரன். அவள் அந்த ஒற்றை முடிச்சை விரலால் நெருடிக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, வரட்டும், டார்ச் விழுந்துவிடும் என்பதால் வாயை மட்டும் இறுக்கிக்கொண்டு அழுதாள். பிறகு சிவப்பை ஸ்விட்சின் ஒரு பக்கத்திலும் முடிச்சுப் போட்ட மஞ்சளை மறு பக்கத்திலும் நுழைத்து முறுக்கினாள், ஃபேன் ஸ்விட்சுக்கும் அப்படியே, இழுத்துப் பார்த்தாள், நழுவவில்லை, மறுபடி இழுத்துப் பார்த்தாள். அரைகுறை வேலை இந்த வீட்டில் யாருக்கும் ஆகாது. பழைய தட்டு அதே பெட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. வாசலுக்குப் போய் இடுப்பிலிருந்த ஃப்யூஸை எடுத்தபோது அது உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. செருகினாள். மெயினைத் தூக்கும் முன் வாய் தானாகச் சொன்னது, "சேசு மரி சூசை." மூன்று பேரும். தூக்கினாள். ஃப்ரிட்ஜ் எழுந்தது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு ஹாலுக்கு வந்து, அவசரப்படாமல், ஒரு விரலால்.

டக்.

ட்யூப் லைட் இரண்டு தரம் கண் கொட்டிவிட்டு எரிந்தது. கோயிலில் ஆறு மணி அடித்தது. அந்த மணிக்குச் சொல்கிற மூவேளை ஜெபத்தைச் சொல்லத் தோன்றவில்லை, அணைத்தாள், போட்டாள், அணைத்தாள், போட்டாள், தெருவில் பார்க்கிறவர்கள் அக்காவுக்குப் பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளட்டும். ஃபேனையும் போட்டாள், கொசுக்கள் கூட்டத்தைக் கலைத்தன. ஆறே காலுக்குப் போன் வந்தது. அவன் நாற்பது நிமிஷம் பொறுத்ததே பெரிது.

"அம்மா? முடிஞ்சுதா?"

"லைட் எரியுது. ஃபேன் ஓடுது."

"அப்பாடா." அவன் அழுதிருந்தான் என்று குரலில் தெரிந்தது. "சரி, சனிக்கிழமை அந்த ஆளு வரட்டும், மிச்சம் நாலையும் சரி பண்ணி ஆன்லைன்ல..."

"அவன் வர வேணாம். நாளைக்குக் கிச்சன். நாளான்னிக்குப் படுக்கிற ரூம். மெதுவா நானே மாட்டிருவேன்."

"அப்ப நீ எந்திரிச்சியா இல்லையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"கேளு. போன் போட்டு, அம்மா எந்திரிச்சிட்டியான்னு வாயால கேளு. நான் வாயால சொல்றேன்."

"ஒருநாள் நீ எடுக்கலன்னா?"

கேட்டுவிட்டான். அவளும் இதைத்தான் பங்குனியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஈரத்தரையில் கிடந்த அந்த இரண்டு மணி நேரமும் இதைத்தான் கேட்டாள். பயம் இல்லை என்று சொன்னால் பொய். "எடுக்கலன்னா பக்கத்து வீட்டம்மாவ அனுப்பு. சாவி அவகிட்ட இன்னிக்கே குடுத்திருவேன். அதுக்கு மேல நடக்கிறது நடக்கட்டும், என் வீட்டுல நடக்கட்டும். கோயம்புத்தூர்ல வேணாம்னு சொல்லிரு."

"ஒனக்காகத்தானேம்மா எல்லாம் செஞ்சேன்."

"மரியதாசும் ஒங்கப்பாவுக்காகத்தான்டா செஞ்சான்."

அவளுக்கு அடித்துவிட்டோமோ என்று இருந்தது, ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. எடுத்தால் அதுவும் ஒரு சரிடா. அவன் மெதுவாக, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"எல்.சி.ய எப்பம்மா திருப்பித் தருவ?"

பிலோமினா மேஜைமேல் இருந்த காலண்டர் தாளைப் பார்த்தாள். திருப்பிய நேரம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. பேனாவை மூடி வைத்தாள்.

"ஆள் இன்னும் மேலதான்டா இருக்கு" என்றாள். "எறங்குனா நானே சொல்றேன்."